நூற்றைம்பது ராத்தல் சர்க்கார் வெல்லம்

கருப்பண்ணன் தடித்த ஆள் என்பது ஆலத்தூர் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். கருப்பண்ணனுக்கும் தெரியும். அதனால் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. சர்க்காருக்குத் தெரிந்த பிறகுதான் வினை வந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலைவளக் காப்பு இலாகா என்று ஒன்று இருந்தது. மலையில் என்ன வளம் இருக்கிறது, அதை யாரிடமிருந்து காக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த இலாகாவுக்கே முழுசாகப் பிடிபட்டதில்லை. ஆனாலும் கொல்லிமலை மேல் அதற்கு ஓடு வேய்ந்த ஓர் ஆபீஸும், அந்த ஆபீஸுக்குக் காவலாக ஒரே ஒரு கார்டும் உண்டு. அந்தக் கார்டுதான் கருப்பண்ணன். காக்கிச் சட்டை, பித்தளை வில்லை வைத்த இடுப்புவார், கையில் ஒரு தடி. சாமையும் கேழ்வரகும் விதைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் சர்க்கார் சட்டை போட்ட முதல் ஆள் அவன். அவன் வருவதைக் கண்டால் அவன் மாமனாரே எழுந்து நிற்பார். மாப்பிள்ளைக்காக இல்லை, சட்டைக்காக. அந்த எழுந்து நிற்றல் கருப்பண்ணனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு மாசி மாதம் பெரிய துரை மலையேறி வந்தார். கருப்பண்ணன் சலாம் வைத்ததைப் பார்த்துவிட்டு, தம் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார்: ‘இங்குள்ள கார்டு பருமனாக இருக்கிறான்.’ அடுத்த வரியில், ஆபீஸுக்குப் பின்னால் நீலவால் பறவை ஒன்றைப் பார்த்ததாக எழுதினார். பறவையைப் பற்றிய வரியை இலாகாவில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பறவை தப்பித்தது.

கார்டைப் பற்றிய வரி சேலத்துக்குப் போய், நாலு மேஜை ஏறி இறங்கி, பதினெட்டுப் பக்க உத்தரவாகத் திரும்பி வந்தது. அதன் சாரம் இது: கார்டு உத்தியோகத்தில் இருப்பவன் நூற்றைம்பது ராத்தலுக்கு மேற்படலாகாது. பங்குனி, ஆனி, புரட்டாசி என மூன்று தடவை எடை பார்க்கப்படும். மூன்றாம் தடவையும் மேற்பட்டால் வேலை போகும். ரேஞ்சரும் அவருக்கு மேற்பட்டவர்களும் தங்கள் எடையைத் தாங்களே கௌரவத்தின் பேரில் தெரிவித்துக்கொண்டால் போதும்.

உத்தரவைக் கொண்டுவந்தவர் ரேஞ்சர் அருணாசலம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து டோலியில் வந்தார். மற்றவர்களுக்கு நாலு பேர் தூக்குகிற டோலி. அவருக்கு ஆறு பேர், தோள் மாற்ற இன்னும் ஆறு பேர். அவர் தம் கௌரவத்தின் பேரில் தெரிவித்த எடை நூற்று நாற்பது ராத்தல். தூக்கி வந்த பன்னிரண்டு பேரும் அதைக் கேட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

அவருக்குப் பின்னால் குமாஸ்தா வெங்கிடுசாமி நடந்தே வந்தார். எலும்பின் மேல் இலாகா விதிகளை மட்டும் போர்த்தியது போன்ற உடம்பு அவருக்கு. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கம்பில் கட்டி ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கி வந்தார்கள். அந்த மூட்டையில் இருந்தது நூற்றைம்பது ராத்தல் உருண்டை வெல்லம்.

வெல்லம் எதற்கு என்று கேட்டால், எடை பார்க்கத்தான். இரும்புப் படிக்கல்லை மலைமேல் ஏற்ற இலாகாவில் அனுமதி இல்லை. உணவுப் பொருளை ஏற்ற அனுமதி உண்டு. இந்த முடிச்சை அவிழ்த்தவர் குமாஸ்தா. அடிவாரத்தில் படிக்கல்லுக்குச் சரியாக வெல்லத்தை நிறுத்து, சாக்கில் போட்டு, வாயைத் தைத்து, அரக்கு வைத்து, முத்திரை குத்தினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அது வெல்லம் இல்லை, ‘மாதிரி எடை’.

பலாமரத்துக் கிளையில் மிளகு வியாபாரிகளின் பெரிய தராசைத் தொங்கவிட்டார்கள். ஒரு தட்டில் மூட்டையை வைத்தார்கள். இன்னொரு தட்டில் கருப்பண்ணனை ஏற்றினார்கள். அதற்குள் ஊரே கூடிவிட்டது. பெரக்கரை நாட்டிலிருந்து மிளகு கொண்டுவந்திருந்த பாவாயி, ஒரு பக்கம் மனுசன், ஒரு பக்கம் வெல்லம் என்று பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏனுங்க, கார்டு எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டாருங்க?” என்றாள்.

எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக வேண்டிக்கொண்டு கோயிலில் தராசு ஏறுவது அவர்கள் வழக்கம். சர்க்கார் ஒருவனைத் தராசில் ஏற்றுமென்றால் அது வேறு என்னவாக இருக்க முடியும்? பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். குமாஸ்தா கையை வீசி விரட்டினார். “நம்ம கார்டுக்கு ஒடம்புக்கு என்னமோ பெரிய வெனை போலிருக்குது, பாவம்” என்று முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். அன்றிலிருந்து அந்த ஆபீஸைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக மூட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மலைஜனங்களுக்கு இலாகா மேல் பக்தி வந்துவிட்டதாகக் குமாஸ்தா ரிப்போர்ட் எழுதினார்.

அவர்கள் கலைவதற்கு முன்பே கருப்பண்ணனின் தட்டு தரையைத் தொட்டிருந்தது. ரேஞ்சர் வறுத்த கோழிக்கால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“அடே கருப்பண்ணா, உன் உடம்பு உன்னுதுன்னு நெனச்சுக்காதே. சட்டை போட்ட நாளிலிருந்து அது சர்க்கார் சொத்து. சர்க்கார் சொத்தை நீ இஷ்டத்துக்குப் பெருக்கலாமா? அடக்கம் வேணும். என்னைப் பாரு. முப்பது வருஷ சர்வீசிலே வேண்டாம்னு ஒரு வாய் நான் தள்ளினதா யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஏன்? ஆசையே இல்லாதவனுக்குத் தள்ளவேண்டிய அவசியம் வராது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆடின தலைகளில் கருப்பண்ணன் தலையும் ஒன்று.

அடுத்து உணவுப் பட்டியல். சீமை டாக்டர் ஒருவர் தயாரித்தது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் வேகவைத்த சீமைக் கீரை, ஆவியில் வெந்த கடல் மீன், சாயங்காலம் எலுமிச்சை பிழிந்த வெந்நீர் என்று இருந்தது. மலையில் கிடைக்காததையெல்லாம் குமாஸ்தா ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் அடித்தார். அடித்து முடித்தபோது வெந்நீர் மட்டும் மிஞ்சியது. அதற்குக் கீழே ‘கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“பசிச்சா என்னுங்க பண்ணறது, சாமி?” என்று கருப்பண்ணன் கேட்டான்.

“படிவம் இருக்குது. பசி எடுக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி எழுதி அடிவாரத்துக்கு அனுப்போணும்” என்றார் குமாஸ்தா.

கடைசியாக ஒரு சங்கதி. மாதிரி எடையைக் காவலில் வைக்கவேண்டும். காக்கிற வேலை கார்டுடையது. மலையில் இருப்பதோ ஒரே கார்டு. ஆகவே மூட்டையைக் கருப்பண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரேஞ்சர் டோலி ஏறினார்.

கருப்பண்ணன் உத்தரவுக்கு அடங்கின ஆள். ஒன்பது நாள் வெந்நீர் குடித்தான். பெண்டாட்டி கண்ணாயி களி கிண்டி வைத்தால், “எனக்கு ஆபீஸ்ல ஆச்சு புள்ள” என்று பொய் சொல்லி எழுந்துவிடுவான். சட்டை போய்விடுமே என்கிற பயம். பத்தாம் நாள் மத்தியானம் வெயில் ஜன்னலில் அடித்தது. சாக்கின் அடித்தையலில் ஒரு மூலை விட்டிருந்தது. அதன் வழியாக ஓர் எறும்பு வெளியே வந்தது. தன்னைவிடப் பெரிய வெல்லத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு, எந்தப் படிவமும் எழுதாமல், அது பாட்டுக்குப் போனது.

ஒரு துணுக்குத்தான் எடுப்பதாக நினைத்து விரலை விட்டான் கருப்பண்ணன். அப்புறம் என்ன நடந்தது என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. கை போகும், வரும். வாய் மெல்லும். முதல் உருண்டையோடு ருசி போய்விட்டது. தித்திப்பு தொண்டையில் கசந்தது, குமட்டியது, ஆனாலும் கை நிற்கவில்லை. யாரோ துரத்துகிற மாதிரித் தின்றான். கை நின்றபோது ஆறு உருண்டை உள்ளே போயிருந்தது. சட்டையெல்லாம் பிசுக்கு. அவனுக்கு அழுகை வந்தது. முன்னொரு விருந்தில் இருபது பலாச்சுளை தின்றபோது வராத வெட்கம் வந்தது. அது சந்தோஷத்தில், நாலு பேரோடு சிரித்துக்கொண்டே தின்றது. இது வேறு. இனிமேல் வெந்நீர்கூடப் பாதிதான் என்று சத்தியம் செய்தான். மறுநாள் பாதி வெந்நீர் குடித்தான். மத்தியானம் எட்டு உருண்டை தின்றான்.

ஒளிக்கத் தெரியாதவன் அவன். இலாகாவில் மீறல் அறிக்கை என்று ஒரு படிவம் இருந்தது. அதை எடுத்து, தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதினான்: ‘இன்று மத்தியானம் சர்க்கார் வெல்லம் தின்னேன். கை நிக்கவில்லை. மூட்டையை என்னை விட்டு வேறு எங்காவது வைக்க வேணுமாய்க் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.’

பதில் வந்தது: ‘ஐந்தாம் கட்டத்தில் உடனிருந்த சாட்சியின் பெயர் இல்லை. சாட்சியில்லாமல் தின்றது செல்லாது.’

மறுபடி எழுதினான். பதில் வந்தது: ‘வெல்லம் உமது உணவுப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைத் தின்றதாகப் பதிய வழியில்லை.’

மூன்றாம் தடவை காலில் விழுகிற மாதிரி எழுதினான். அதற்குக் குமாஸ்தா கொஞ்சம் யோசித்திருக்கவேண்டும், பதில் நீளமாக வந்தது: ‘மேற்படி மாதிரி எடை கார்டின் காவலில் இருக்கிறது. காவலில் உள்ள பொருள் களவு போனால் கார்டு எழுதவேண்டும். களவு போனதாகக் கார்டு எங்கும் எழுதவில்லை. ஆகவே மூட்டை பத்திரமாக இருக்கிறது. கார்டின் விழிப்பை இலாகா மெச்சுகிறது.’

ஆனி வந்தது. ரேஞ்சர் வந்தார். கருப்பண்ணன் தட்டில் உட்கார்ந்ததும் அது தரையில் மோதிய வேகத்தில் எதிர்த்தட்டு மேலே பறந்து, மூட்டை பலாக்கிளையில் இடித்தது. ரேஞ்சர் அரக்கு முத்திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். முத்திரை அப்படியே இருந்தது. சாக்கு தொளதொளவென்று இருந்ததை அவர் பார்க்கவில்லை. சாக்கைப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

“முன்னைக்கு இப்போ இன்னும் ஏறிட்டே! வெந்நீர் அதிகமாக் குடிக்கிறியா?” என்று அதட்டினார்.

அன்று பொழுது சாயக் கருப்பண்ணன் ஊடு வந்து சேர்ந்தான். கண்ணாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் வழியையும் பார்த்தாள்.

“ஏனுங்க, ஒரு மாசமா நானும் பாக்கறன். நீங்க வந்தா உங்க பொறத்தாலயே எறும்பு வரிசையா வருது. அது எதுக்குங்க?”

கருப்பண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பது நாள் வெந்நீர், அடித்தையல், கை நிற்காதது, மூன்று கடிதம். “எனக்குப் பேய் புடிச்சிருச்சு புள்ள. நானே திங்கறதில்ல. என்னமோ திங்குது” என்றான்.

கண்ணாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

“பேயுமில்ல, பிசாசுமில்ல. நாளெல்லாம் பட்டினி போட்டு மாட்டக் கட்டி வச்சா, அவுத்தொடனே அடுத்தவன் வெள்ளாமையில வாய வெக்காதா? அதுக்கு மாட்டயா அடிப்பாங்க? காலையில கஞ்சி, மத்தியானம் களி, பொழுது சாயக் களி. என் முன்னால உக்காந்து திங்கோணும். அவ்வளவுதான்.”

“பட்டியல்ல வெந்நீர் மட்டுந்தான் புள்ள இருக்குது.”

“பட்டியல் எழுதுனவன் வந்தா அவனுக்கும் ஊத்தறன், வரச் சொல்லுங்க.”

மறுநாளிலிருந்து மத்தியானம் கண்ணாயி களியும் அவரைக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்தாள். அவன் தின்று முடிக்கும்வரை உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். உடனே எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மூன்றாம் நாள் அவள் போன பிறகு அவன் கை மறுபடி சாக்குக்குள் போனது. நாலு உருண்டை. மறுநாள் காலையில் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். “நேத்து தின்னதுக்கு இன்னைக்குப் பட்டினியா? அப்புறம் மத்தியானம் மறுபடி மூட்டைதான். கஞ்சியக் குடிங்க” என்றாள். குடித்தான். அடுத்து எட்டு நாள் கை போகவில்லை. அப்புறம் ஒருநாள் போனது, ஒரே உருண்டை. ஆடி பிறந்தபோது மூட்டை பக்கத்திலேயே இருந்தது, அவன் அதைப் பார்க்க மறந்துபோயிருந்தான். மேற்கொண்டு கரைப்பதை எறும்பும் மழையும் பார்த்துக்கொண்டன. மலைச்சாரலில் வெல்லம் கசிந்து சாக்குக்கு அடியில் ஓடியது. கருப்பண்ணனின் இடுப்புவாரில் பழைய துளைகள் போதாமல் இரண்டு புதுத் துளை போட்டார்கள்.

புரட்டாசி எடைக்கு அவன் தைரியமாகத்தான் போனான். தட்டில் உட்கார்ந்தான். தட்டு தரைக்குப் போனது.

அவனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எதிர்த்தட்டைப் பார்த்தான், புரிந்தது. தட்டிலிருந்து இறங்கி ரேஞ்சர் காலடியில் உட்கார்ந்தான்.

“எசமான், நான்தானுங்க தின்னேன். மூட்டையில பாதி இல்லீங்க. நெறுத்துப் பாருங்க எசமான், நான் எளைச்சிருக்கறனுங்க.”

“எதை வச்சுடா நிறுக்கறது? எடையே அதுதானே?” என்றார் ரேஞ்சர்.

ஆனாலும் அவர் நியாயவான். சோதித்துவிடுவது என்று தீர்மானித்தார். “குமாஸ்தா, நீர் ஏறும். இந்த மலையிலே உம்மைவிட ஒல்லி யாருமில்லை. நீர் மேலே போனா மூட்டை சரியாயிருக்குதுன்னு அர்த்தம்.”

வெங்கிடுசாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு தட்டில் ஏறினார். தட்டு மெதுவாக, மரியாதையாக, தரைக்கு இறங்கியது.

ரேஞ்சர் முத்திரையைப் பார்த்தார். குமாஸ்தாவைப் பார்த்தார். மறுபடி முத்திரையைப் பார்த்தார்.

“முத்திரை அப்படியே இருக்குது. சர்க்கார் முத்திரை மாறாது. மாறுறவன் மனுசன். வெங்கிடுசாமி, நீரும் பெருத்துப்போயிட்டீர்.”

“எசமான், எனக்கு வேட்டியே இடுப்புல நிக்கறதில்லீங்க!”

“வெளியே தெரியாத தடிமன்தான் ஓய் ரொம்ப அபாயம். இந்த மலைக்காத்துல என்னமோ இருக்குது. இன்னைக்கே துரைக்கு எழுதணும்.”

அந்த வருஷம் சாமை விளைச்சல் பாதிகூட இல்லை. பல ஊடுகளில் கிழங்கு தின்றுதான் நாள் ஓடியது. ‘கொல்லிமலை மக்கள் யாவரும் அபாயகரமாகத் தடித்துவருகிறார்கள்’ என்று ரிப்போர்ட் போனது.

இருபது நாள் கழித்து ஒரே உறையில் இரண்டு காகிதம் வந்தன. ஆபீஸில் வைத்துக் குமாஸ்தாதான் படித்தார். முதல் காகிதம்: ‘உணவில் அடக்கமின்மை நிரூபணமானதால் கார்டு கருப்பண்ணன் வேலையிலிருந்து நீக்கப்படுகிறான்.’ இரண்டாவது காகிதம் தடித்த தாளில், துரையின் கையெழுத்தோடு இருந்தது: ‘நூற்றைம்பது ராத்தல் சர்க்கார் வெல்லத்தை ஆறு மாத காலம் ஒரு துணுக்கும் குறையாமல் காத்த கார்டு கருப்பண்ணனின் நாணயத்தை மெச்சி இந்த நற்சான்று வழங்கப்படுகிறது.’ அடியில் ஒரு குறிப்பு. புதுக் கார்டு வரும்வரை மாதிரி எடையைக் குமாஸ்தா காக்கவேண்டும். அவரும் உணவுப் பட்டியலைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவேண்டும்.

கருப்பண்ணன் சட்டையைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்தான். இடுப்புவாரை அதன் மேல் வைத்தான். மூட்டை அங்கேயே இருந்தது. கை பரபரத்தது, அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பி நடந்தான். வழியில் மாமனார் அவனை வெற்றுடம்போடு பார்த்தார். எழுந்து நிற்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, “உக்காருங்க மாப்ள” என்று பக்கத்தில் இடம் விட்டார். இத்தனை வருஷத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஊட்டுக்கு வந்து கண்ணாயியிடம் சேதியைச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதான். அவள் அழ விட்டாள். பிறகு களி போட்டாள். ஒரு உருண்டை தின்றான், இன்னும் பாதி தின்றான். அவள் அடுத்ததை எடுத்தாள்.

“போதும் புள்ள” என்றான் கருப்பண்ணன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதிலேயே விழுந்தது. கண்ணாயி எடுத்த உருண்டையைச் சட்டியிலேயே திரும்ப வைத்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் அவர்கள் வாசலில் குமாஸ்தா வெங்கிடுசாமி வந்து நின்றார். கையில் ஒரு படிவம். எதற்கோ கருப்பண்ணனின் கைநாட்டு வேண்டும் என்றார். அவன் கையெழுத்துப் போடுகிறவன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. கண்ணாயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலடியைப் பார்த்தாள். மலைப்பாதையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எறும்பு வரிசை.

அவள் உள்ளே போய் இன்னொரு தட்டம் எடுத்து வந்தாள்.

“உக்காருங்க சாமி. நாளைக்கும் மத்தியானம் வாங்க.”